கொல்லையில் ஒரு சாரப்பருப்பு மரம்

பாயசத்தில் முந்திரியும் திராட்சையும் மிதப்பதை இன்றைய குழந்தைகள் அறிவார்கள். நம் பாட்டிமார் காலத்தில் அவற்றோடு மூன்றாவதாக ஒரு பருப்பும் மிதந்தது. துவரம் பருப்பைவிடச் சற்றுப் பெரியது, தட்டையானது, மங்கிய பழுப்புத் தோலுடையது, நெய்யில் வறுத்து வாயிலிட்டால் வாதுமையின் சுவையை நினைவூட்டுவது. சாரப்பருப்பு என்பது அதன் பெயர். கலியாண வீட்டு அல்வாவின் மேல் தூவுவதற்கென்று நாட்டு மருந்துக் கடையிலிருந்து சிறு பொட்டலமாக வாங்கி வருவார்கள். அது எந்த மரத்தில் காய்க்கிறது, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. 1988இல் வேலையின் பொருட்டுப் பிலாய் வந்து சேர்ந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே, அம்மரத்தின் சொந்த நாட்டுக்கே வந்து குடியேறியிருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியவந்தது.

இங்குள்ளோர் மரத்தையும் பழத்தையும் ‘சார்’ என்கின்றனர். பருப்புக்குச் சிரோஞ்சி என்று பெயர். வடமொழியார் பிரியாளம் என்பர்; குமாரசம்பவத்தில் வசந்தம் வருணிக்கப்படும் இடத்தில் காளிதாசர் இம்மரத்தின் பூந்தாதையும் மறவாது சேர்த்திருக்கிறார். ஆங்கிலேயர் ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்தின் பெயரையிட்டுக் ‘கடப்பை வாதுமை’ என்றனர். ஆனால் வாதுமைக்கும் இதற்கும் உறவில்லை. மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. தாவர நூலார் இட்ட பெயர் புக்கனானியா லான்சான். விந்தியம் முதல் தென்னாடு வரை வறண்ட காடுகளில் எங்கும் உண்டு. நம் தமிழகத்து மலைச்சரிவுகளிலும் இல்லாமல் இல்லை. எனினும் கடைக்கு வரும் பருப்பில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்டு, ஒடிசா ஆகிய இந்நடுநாட்டுக் காடுகளிலிருந்தே வருகிறது. இவர்களுடைய ‘சார்’ என்னும் சொல்லையும் நம்முடைய ‘சாரப்பருப்பு’ என்னும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பெயரும் பருப்பும் ஒரே மூட்டையில் கட்டித் தெற்கே வந்தனவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இம்மரத்தைப் பற்றி இவ்விதழில் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. உருக்காலையின் முதல் ஊதுலை 1959இல் எரியத் தொடங்கிய பின்னர் இங்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்களில் பல, ஆலைக் குடியிருப்பிலேயே காலத்தைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பின. இப்போது அவ்வாறன்றி, நகரின் புறத்தே மனை வாங்கி வீடு கட்டி நிலைத்துவிட்டவர்கள் மிகுந்து வருகின்றனர். அவ்வீடுகளின் கொல்லைப்புறத்தைச் சென்று பாருங்கள். தென்னை ஒன்று இளைத்து நிற்கும். வாழை கிழிந்து தொங்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் மாத்திரம் ஒருவாறு பிழைத்திருக்கும். இதற்கு வீட்டாரைக் குறை கூறிப் பயனில்லை; மண்ணைப் பார்க்க வேண்டும்.

இந்நாட்டு உழவர்கள் தம் மண்ணை நால்வகையாகப் பகுத்துப் பெயரிட்டிருக்கின்றனர். கரிய களிமண் ‘கன்ஹார்’. மஞ்சள் கலந்த மணற்பாங்கு ‘மடாசி’. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ‘டோர்சா’. மேட்டில் கிடக்கும் செந்நிறச் சரளை ‘பாட்டா’. நெல் விளையும் முதல் மூன்று வகை நிலத்தையும் எவரும் எளிதில் விற்பதில்லை. மனையாகப் பிரிக்கப்பட்டு நம் கைக்கு வருவது பெரும்பாலும் பாட்டாவே. ஓரடி தோண்டினால் கடப்பாரை ‘ணங்’கென்று ஒலிக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாடுதான் இது. ஆனால் அம்மழையில் மிகப் பெரும்பங்கு ஆனி முதல் புரட்டாசி வரையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் எட்டு மாதம் வானம் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சித்திரை, வைகாசியில் வெப்பம் 44, 45 பாகை வரை ஏறும். அந்நாட்களில் லாரியில் வரும் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் வீட்டார், தென்னைக்கு எங்ஙனம் நீர் வார்ப்பது? எங்கள் மனையிலேயே தென்னங்கன்று இருமுறை வைத்தோம். இருமுறையும் பட்டுப் போயின.

இத்தகைய மண்ணில், இத்தகைய வெயிலில், யாரும் நீர் வார்க்காமல் காலங்காலமாக நின்று காய்த்து வருவது சாரமரம். அதனை நாம் கொல்லையில் வளர்க்கத் தவறியதற்கு ஒரே காரணம், அது காட்டு மரம் என்ற எண்ணமே.

எங்களுக்கு அவ்வெண்ணத்தை மாற்றியவர் வாரச் சந்தையில் பழம் விற்கும் ஒரு மூதாட்டியார். வைகாசி மாதத்தில் இலைத் தொன்னைகளில் கருநிறப் பழங்களைக் குவித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பழம் நம் களாப்பழத்தினும் சிறியது, மெல்லிய சதை, இனிப்பும் சிறு புளிப்பும் கலந்த சுவை, தின்றால் உதடு கறுக்கும். நாங்கள் அவரைத் ‘தாயீ’ என்று அழைப்போம். சத்தீஸ்கரி மொழியில் அன்னைக்கு அதுவே சொல். நம் செவிக்கு அது வேற்றுச் சொல்லாகவே ஒலிப்பதில்லை. அவர் எங்கள் வீட்டு அம்மாளை ‘நோனி’ என்பார். மகளே என்று பொருள்.

2006ஆம் ஆண்டில், ஆலைக் குடியிருப்பில் இருந்தபோது, கடையில் வாங்கிய சாரப்பருப்பில் இருபதைத் தொட்டியில் ஊன்றி நாள்தோறும் நீர் தெளித்து வந்தோம். ஒரு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. இதைத் தாயீயிடம் கூறியபோது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “வறுத்த கடலையை விதைத்துவிட்டுச் செடிக்குக் காத்திருப்பார்களா, நோனி? ஓட்டை விட்டுப் பிரிந்த பருப்பு செத்த பருப்பு. என் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்புகிறாயே, அதை ஊன்று” என்றார். பின்னர் நாங்கள் படித்தறிந்த தோட்டக்கலை நூல்களும் சற்று நீட்டி இதையே சொல்கின்றன. சாரக்கொட்டையின் உயிர்ப்பு நெடுநாள் தங்குவதில்லை. சில மாதங்களிலேயே பெரிதும் குன்றிவிடும். கடைப்பருப்போ, கொட்டையை ஊறவைத்து, தேய்த்து, உலர்த்தி, கல்லில் உடைத்து, மூட்டையில் மாதக்கணக்காகக் கிடந்தது.

அவ்வாண்டே பழத்தைத் தின்று கொட்டைகளை ஊன்றினோம். இரண்டு கன்றுகள் கிடைத்தன. ஒன்றை எங்கள் அன்பே கொன்றுவிட்டது. நாள் தவறாமல் நீர் வார்த்ததில் வேர்க்கழுத்து அழுகிச் சாய்ந்தது. மற்றொன்றைக் குடியிருப்பின் பின்புறம் நட்டோம். மிக மெதுவாகவே வளர்ந்தது. முதலாண்டில் ஒரு சாண் உயர்ந்ததா என்பதே ஐயம். வேர் கீழே போகும் வரையில் தலை மேலே வராது என்பது இதன் இயல்பு என்று அப்போது நாங்கள் அறியோம். எட்டாம் ஆண்டில் ஒன்பதடி உயரம். 2014 மாசியில் பச்சை கலந்த வெண்ணிறச் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்தன. பங்குனியில் பச்சைக் காய் பிடித்தது. சித்திரையில் பணி ஓய்வு. விதிப்படி வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தோம். காய் கறுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மழைக்காலத்தில் அவ்வழியே சென்றபோது மரம் இருந்த இடத்தில் மோட்டார் வண்டிக்குத் தகரக் கொட்டகை எழும்பியிருந்தது. புதிதாக வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. எவரும் நிலையாகத் தங்காத வீட்டில், இன்னும் காய்க்காத மரத்தைக் கண்டு யாருக்கு இரக்கம் பிறக்கும்? எனினும் இரண்டு நாள் எங்கள் வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சொந்த மனையில் மீண்டும் தொடங்கினோம். இம்முறை காலத்தை மிச்சப்படுத்தலாமென்று ஒரு நாற்றங்காலில் ‘சிரோஞ்சி’ என்று கேட்டு ஒரு கன்றை வாங்கி வந்தோம். ஓராண்டு சென்றது. இலைகள் முழ நீளத்துக்குப் பெருத்தன. ஒருநாள் பக்கக் கிளையை ஒடித்தபோது வழிந்த பால் கையிற் பட்டுக் கறுத்து, மறுநாள் கொப்புளித்து, பத்து நாள் வருத்தியது. வாங்கி வந்தது சேங்கொட்டை மரம்! சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடுவார்களே, அதே சேங்கொட்டை. சாரமும் அதுவும் ஒரே குடும்பம். கன்றுப் பருவத்தில் தடித்த, முனை மழுங்கிய இலையைக் கண்டு மயங்குவது எளிது. ஆகையால் அன்பர்கள் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். சேங்கொட்டையின் இலை மிகப் பெரியது. அதன் அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும். சாரத்தின் இலை பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேற்போவதில்லை. நடுநரம்பின் இருமருங்கும் கிளைநரம்புகள் கோடிட்டாற்போல் நேராக ஓடும். வளர்ந்த மரமாயின் ஐயத்துக்கே இடமில்லை: சாரமரத்தின் பட்டை கருஞ்சாம்பல் நிறத்தில், முதலையின் முதுகுபோற் கட்டங் கட்டமாக வெடித்திருக்கும்.

அதற்குப் பின் யாரையும் நம்பாமல், 2015 வைகாசியில் தாயீயிடமே நன்கு கறுத்த பழமாகப் பார்த்து வாங்கிக் கொட்டை ஊன்றினோம். அம்முறையைச் சற்று விரிவாகவே கூறுகிறோம். ஏனெனில் இதில் தவறுகள் அனைத்தையும் நாங்கள் முன்னரே செய்து முடித்துவிட்டோம்.

பழத்தின் சதையைத் தண்ணீரில் கசக்கிக் கழுவிக் கொட்டையை நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் ஆகாது. ஒரு பாத்திரத்து நீரிலிட்டால் மிதப்பவை பொக்கு, மூழ்கியவற்றைக் கொள்க. கொட்டையின் ஓடு மிகக் கடினமானது. அதனைத் துளைத்துக்கொண்டு முளை வெளிவர நெடுநாள் ஆகும், பல வேளைகளில் வராமலே போகும். ஆனால் அவ்வோட்டில் ஒரு பொருத்துவாய் உண்டு. ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்த பின்னர், பாக்குவெட்டியின் இடையில் வைத்து, பொருத்துவாயில் மெல்லிய வெடிப்புக் காணும் அளவுக்கு மாத்திரம் அழுத்த வேண்டும். பருப்பு நசுங்கினால் பயனில்லை. பாக்கு வெட்டிப் பழகிய கைக்கு இது எளிது. எங்கள் வீட்டில் அப்பொறுப்பு யாருடையது என்று சொல்ல வேண்டுவதில்லை. பன்னிரண்டு கொட்டைகளில் ஏழு, மூன்று நான்கு வாரங்களுக்குள் முளைத்தன. வெடிப்புச் செய்யாமல் ஊன்றிய பன்னிரண்டில் முளைத்தவை இரண்டே.

தொட்டி வேண்டா. ஆழமான பிளாஸ்டிக் பையில் மணல், செம்மண், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவிற் கலந்து நிரப்பி, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. ஆழமான பை எதற்கெனில், ஆணிவேர் விரைந்து கீழிறங்கும்; பையின் அடியில் மோதி அது சுருண்டுவிட்டால் பின்னாளில் அம்மரம் வறட்சியைத் தாங்கும் வலிமையை இழந்துவிடும். இதன் வலிமை முழுதும் அவ்வேரில் இருக்கிறது. இதனினும் நன்று, மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று கொட்டைகளை நேரே ஊன்றி, வலியதை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவது. பையில் வளர்த்ததாயின் மறு ஆண்டு முதல் மழை நன்கு இறங்கியவுடன் வேர் உடையாமல் நடவேண்டும்.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். பாட்டா மண்ணில் இதைத் தோண்ட ஓர் ஆளுக்கு ஒரு நாள் ஆகும். ஆழத்தில் மாத்திரம் கஞ்சத்தனம் செய்யலாகாது. வளர்ந்தால் 30, 40 அடி உயரம் போகும் மரமாதலின் சுவரை விட்டுப் பத்துப் பன்னிரண்டடி தள்ளி நடுக. தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகவே ஆகாது. கூரை நீர் விழும் மூலையிலும், குளியலறை நீர் ஓடும் வாய்க்காலிலும் வைத்து, “வறட்சி தாங்கும் என்றீர்களே, செத்துவிட்டதே” என்று கேட்ட அன்பர் ஒருவரும் உண்டு. அம்மரம் வறட்சியினால் சாகவில்லை, தண்ணீரினால் செத்தது.

முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறை ஒரு குடம் நீர் போதும். அடியில் சருகைப் பரப்பி வைத்தால் அதுவும் மிச்சமாகும். கறையான் உள்ள இடத்தில் சருகு தண்டைத் தொடாதபடி ஒரு சாண் விலக்கி வைக்க வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி முள்வேலி. மூன்றாம் கோடையில் நாங்கள் நீர் வார்ப்பதை நிறுத்திவிட்டோம். நிறுத்திய அந்தச் சித்திரையில் நாள்தோறும் காலையில் அச்சத்தோடு சென்று பார்ப்போம். தெருவிலுள்ள செடிகொடிகள் எல்லாம் கருகி நின்ற அந்நாட்களில் அது புதுத்தளிர் விட்டது. இம்மரம் இலை உதிர்ப்பதுண்டு; ஆயினும் முற்றிலும் மொட்டையாக நிற்கும் நாட்கள் மிகச் சிலவே. ஆதலின் வீட்டின் மேற்குப் புறத்தில் வைத்தால், பருப்புக்குக் காத்திருக்கும் காலத்திலும் பிற்பகல் வெயிலுக்கு நிழல் கிடைக்கும்.

எட்டாண்டு காத்திருக்க இயலாதவர்களுக்கு ஒட்டுக் கன்று உண்டு. குஜராத்தில் கோத்ராவை அடுத்த வேஜல்பூரிலுள்ள மத்தியத் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார் மென்தண்டு ஒட்டு முறையில் இதனைப் பெருக்கிக் காட்டி, ‘தார் பிரியா’ என்னும் இரகத்தையும் வெளியிட்டிருக்கின்றனர். ஒட்டுக் கன்று கொட்டைக் கன்றினும் பல ஆண்டு முந்திக் காய்க்கும். வாங்குவோர் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குவார்களாக!

நிற்க. காட்டில் தானே விளையும் பருப்பைக் கடையில் வாங்கிக்கொண்டால் போதாதா, கொல்லையில் ஏன் இத்துணைப் பாடு என்று கேட்கலாம். எங்கள் மகனும் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் இதையே கேட்டான். இதற்கு விடை கடைப்பருப்பிலேயே இருக்கிறது. ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பாதிக்குப் பாதி சுருங்கிய பருப்பு. அவை பழுக்காமற் பறித்தவை.

பூவிலிருந்து பழமாவதற்கு இம்மரத்துக்கு ஏறத்தாழ நான்கு மாதம் வேண்டும். பருப்பில் எண்ணெய் ஏறுவது கடைசிக் காலத்தில். நன்கு விளைந்த பருப்பில் சரிபாதி அளவு எண்ணெயே. ஆனால் காட்டு மரத்துக்கு உரிமையாளர் ஒருவர் இல்லை. இன்று நான் பறிக்காவிட்டால் நாளை வேறொருவர் பறித்துவிடுவார் என்னும் அச்சம் எல்லாருக்கும் உண்டு. ஆகையால் ஒருவருக்கு முன் ஒருவராகப் பச்சைக் காயையே பறிக்கின்றனர். ஏறிப் பறிக்க நேரமின்றிக் கிளையையே வெட்டிச் சாய்ப்பதும் நடக்கிறது. காய் போகிறது, கிளை போகிறது, தரையில் விழுந்து முளைக்க ஒரு கொட்டையும் மிஞ்சுவதில்லை. தம் இளமையில் ஊருக்கு அருகே இருந்த மரங்களைத் தேடி இப்போது நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று தாயீ சொல்வார். “கறுக்கட்டும் என்று விட்டு வைத்தவள் வெறுங்கூடையோடு வீடு திரும்புவாள்” என்று அவர் கூறியபோது அவர் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

இதற்கு மலைவாழ் மக்களைப் பழிப்பது முறையன்று. பஸ்தர் காடுகளில் உப்பு வணிகர் ஒரு பங்கு உப்பைக் கொடுத்துச் சிரோஞ்சியை வாங்கிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை அம்மக்களுக்கு அளித்தது. கொட்டையோடு கூடிய சிரோஞ்சிக்கு மத்திய அரசு 2020இல் அறிவித்த ஆதரவு விலை கிலோவுக்கு 126 ரூபாய். கடையில் உடைத்த பருப்பின் விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி நெடுங்காலமாகிறது. கொட்டையின் எடையில் பெரும்பகுதி ஓடுதான் என்பதையும், உடைக்கும் கூலியையும் கழித்துப் பார்த்தாலும், இடையில் நிற்பவர்களின் பங்கு சிறிதன்று. பசித்தவரிடம் போய்ப் பழுக்கும் வரை காத்திரு என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் நம் வேலிக்குள் நிற்கும் மரத்தை நாம் பழுக்கவிடலாம். அங்கே நம்மை முந்திக்கொள்ள ஒருவரும் இல்லை, கிளிகளைத் தவிர.

எங்கள் மரம் 2023 மாசியில் முதன்முறையாகப் பூத்தது, காய் சிலவே, அவையும் பலத்த காற்றில் உதிர்ந்தன. மறு ஆண்டில் நன்கு காய்த்தது. கோடை விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கே வந்துவிடுங்கள் என்பது அவன் மூன்றாண்டாகச் சொல்லிவரும் பேச்சு; அதில் நியாயமும் இல்லாமலில்லை. பேத்திக்கு வயது ஆறு. காலையில் எழுந்ததும் மரத்தடிக்கு ஓடி, இரவில் உதிர்ந்த கறுத்த பழங்களைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு வருவாள். உதடும் பல்லும் கறுத்து நிற்கும் அவளைக் கண்டு அவள் தாய் முதலில் பதறி, பின்னர் தானும் உடன் சென்று பொறுக்கலானாள். அம்முறை மகன் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த முறை எடுப்பான். அதற்கு என்ன சொல்வதென்று நாங்களும் இன்னும் முடிவு செய்யவில்லை.

பழத்தைத் தின்றபின் கொட்டைகளைச் சேர்த்து வைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, சாக்குத் துணியில் தேய்த்து, வெயிலில் உலர்த்தினோம். தாயீ இப்போது சந்தைக்கு வருவதில்லை. மூட்டுவலி என்று அவர் மருமகள் கூறினார். உடைக்கும் முறையை அம்மருமகளே கற்றுத் தந்தார். அம்மியின் மேற் பரப்பிக் குழவியை அழுத்தாமல் இலேசாக உருட்ட வேண்டும். ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுதாக வெளிவரும். முதல் ஆண்டுப் பருப்பு முக்காற்படி தேறியது. பருப்பு கொழுகொழுவென்று இருந்தது; கடைப்பருப்பை அருகில் வைத்தபோது இரண்டும் வெவ்வேறு பொருள் போலவே தோன்றின. எண்ணெய் மிகுதியாதலின் இப்பருப்பு விரைவில் சிக்கு வாடை வீசும். ஓட்டுடன் வைத்திருந்து வேண்டும்போது உடைத்துக்கொள்வதே நலம். உடைத்ததைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

இதனை வேறெப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வோம். பாலில் ஊறவைத்து அரைத்துப் பாயசத்தில் கலந்தால் முந்திரி அரைத்து விட்டதைவிடக் குழைவாக வரும். மத்தியப் பிரதேசத்தில் சாகர் நகரத்தார் இப்பருப்பைக் கொண்டே பர்பி செய்கின்றனர். நம் தேங்காய்ப் பர்பிப் பாகுப் பதமே அதற்கும் பொருந்துகிறது என்பதை எங்கள் வீட்டிற் செய்து பார்த்தோம். இரண்டாம் முறை சர்க்கரையைக் குறைத்துக்கொண்டோம்.

வரும் வைகாசிக் கடைசியில் எங்கள் மரத்தின் கொட்டைகளைக் கழுவி உலர்த்திச் சங்க நூலகத்தில் ஒரு டப்பாவில் வைக்க எண்ணியிருக்கிறோம். விரும்பும் அன்பர்கள் வீட்டுக்குப் பத்துக் கொட்டை வீதம் எடுத்துக்கொள்ளலாம். விலை ஏதும் இல்லை. ஆனி பதினைந்துக்குள் எடுத்துச் சென்று ஊன்றிவிட வேண்டும். அதற்குப் பின் எஞ்சியவை பாயசத்துக்குப் போய்விடும். பாக்குவெட்டி இல்லாதவர்கள் நூலகரிடம் கேட்டால், அங்கேயே வெடிப்புச் செய்து தர எங்கள் வீட்டு அம்மாள் ஞாயிறு மாலைகளில் வந்திருப்பார்.